தோற்கும் அணியின் ரசிகன்: வல்வையிலிருந்து ஒரு பார்வை

இலங்கை உதைபந்தாட்ட அணியின் ரசிகன் நான் என்று சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு, "துடுப்பாட்டம் இருக்கும்போது இது எதற்கு?" என்பார்கள். தமிழர்களாயின், "அந்த அணியில் நமக்கென்ன இருக்கிறது?" என்ற இரண்டாவது கேள்வியும் வரும். முதற் கேள்விக்கு விடை எளிது. கடற்கரை மணலில் பந்து உதைத்து வளர்ந்த ஊர்களில் துடுப்பும் விக்கெட்டும் பின்னர் வந்த விருந்தாளிகள். இரண்டாவது கேள்விக்கு இரண்டு வரியில் விடை சொல்ல முடியாது. அதற்காகவே இந்தக் கட்டுரை.

உலக உதைபந்தாட்டத் தரவரிசையில் இருநூறாவது இடத்துக்கும் கீழே கிடந்த அணி இது. தோற்றுக்கொண்டே இருக்கும் ஓர் அணியைப் புதிதாகக் கட்டியெழுப்புவது எப்படி என்பதை அமெரிக்கர்கள் ஒரு தனிக் கலையாகவே வளர்த்திருக்கிறார்கள். அவர்களுடைய பேஸ்போல் ஆட்டத்தைப் புரிந்துகொள்ள நம்மவர்களுக்குச் சிரமம் இருக்காது. நம் பாடசாலைகளில் ஆடும் எல்லேயின் தூரத்து உறவுக்காரன் அது. பந்தை அடித்துவிட்டு வட்டமிட்டு ஓட வேண்டும். ஆடும் முறையைக் காட்டிலும், அங்கு அணிகள் நடத்தப்படும் முறைதான் நமக்குப் பாடம்.

வல்வெட்டித்துறைக்கும் அந்த ஆட்டம் வேரூன்றிய கரைக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. வல்வையில் கட்டப்பட்ட 89 அடி நீளமான 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கரான வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் வாங்கினார். 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' என்ற புதுப் பெயருடன், தம்பிப்பிள்ளைத் தண்டையலையும் நம்மூர் மாலுமிகளையும் சுமந்து கடல்கள் பல தாண்டிய அக்கப்பல், 1938 ஓகஸ்டில் மசாசூசெற்ஸ் மாநிலத்தின் குளோஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. அங்கிருந்து சிறிது தூரத்தில் இருக்கும் பொஸ்ரன் நகரின் 'றெட் சொக்ஸ்' பேஸ்போல் அணி அப்போதே 20 ஆண்டுகளாகக் கிண்ணத்தைக் காணாதிருந்தது. 1918இல் வென்ற அந்த அணி மறுபடியும் வென்றது 2004இல். இடைப்பட்ட 86 ஆண்டுகளில் பாட்டன் மகனிடமும், மகன் பேரனிடமும் அந்த ஏக்கத்தை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். அரங்கம் மட்டும் வெறுமையாகவில்லை.

பொறுமை மட்டும் அணியைக் கட்டிவிடாது என்பதற்கும் அங்கேயே சான்று உண்டு. ஹியூஸ்ரன் நகரின் 'அஸ்ரோஸ்' அணி 2011இல் 106 ஆட்டங்களிலும், 2012இல் 107 ஆட்டங்களிலும், 2013இல் 111 ஆட்டங்களிலும் தோற்றது. அதன் நிர்வாகம் விலை உயர்ந்த மூத்த வீரர்களை விட்டுக்கொடுத்து, இளைஞர்களைச் சேர்த்தது. கீழ்நிலை அணிகளில் அவர்களை ஆண்டுக்கணக்காக ஆடவிட்டுப் பழக்கியது. 2017இல் அந்த அணி உலகத் தொடரை வென்றது. அந்த ஆண்டில் எதிரணியின் சைகைகளைக் கமரா வைத்துத் திருடியது பின்னர் அம்பலமானதால் அவ்வெற்றியில் கறை படிந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அடித்தளம் போட்ட விதம் இன்றும் பலரால் படிக்கப்படுகிறது. மேலே இருக்கும் அணிக்குக் கீழே படிப்படியாகப் பல அணிகள், ஒவ்வொரு படியிலும் ஆண்டு முழுவதும் ஆட்டங்கள், தோல்வியைத் தாங்கும் நிர்வாகம் என்ற மூன்றும் இல்லாமல் மறுகட்டமைப்பு என்ற சொல்லுக்குப் பொருளில்லை.

இந்த மூன்றும் வல்வையில் ஒரு காலத்தில் சிறிய அளவில் இருந்தன.

நடந்தே கடந்துவிடக்கூடிய ஒரு கடற்கரைப் பட்டினத்தில் நேதாஜி, உதயசூரியன், றெயின்போ, ரேவடி, நெடியகாடு என்று குறிச்சிக்கொரு விளையாட்டுக் கழகம் உருவானதை வெளியூரார் வியப்பாகப் பார்ப்பார்கள். சற்றுத் தள்ளிப் போனால் நவிண்டில் கலைமதி, வதிரி டயமன்ஸ் என்று வடமராட்சி முழுவதும் இதே கதைதான். அண்ணன் ஆடிய கழகத்தில் தம்பி ஆடுவான். மைதான ஓரத்தில் பந்து பொறுக்கிக் கொடுக்கும் சிறுவன் ஐந்தாறு ஆண்டுகளில் மைதானத்துக்குள் நிற்பான். எந்தச் சம்மேளனமும் வகுத்துக் கொடுக்காத ஏணி அது. இதைத்தான் அமெரிக்கர் கோடிக்கணக்கான டொலர் செலவில் அமைக்கிறார்கள்.

வல்வையின் பெயரை உலகுக்குக் கொண்டுசென்ற விளையாட்டு வீரர் என்று கேட்டால் எவரும் ஆழிக்குமரன் ஆனந்தனைத்தான் சொல்வர். அயலூரான தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி 1954இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். ஆனந்தன் 1971இல் இலங்கையிலிருந்து இந்தியக் கரைக்கும் அங்கிருந்து திரும்பவும் 51 மணித்தியாலங்களில் நீந்தினார். 1984 ஓகஸ்ட் 6ஆம் திகதி ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது அவர் உயிர் நீத்தார். ஐம்பது ஆண்டுகள் நின்ற அந்தப் பாக்கு நீரிணைச் சாதனையை 2021 ஏப்ரலில் முறியடித்தவர் இலங்கை விமானப்படையைச் சேர்ந்த றொஷான் அபேசுந்தர. சாதனைகள் முறியடிக்கப்படுவதற்கென்றே இருப்பவை; அதில் வருத்தம் இல்லை. அதை முறியடிக்கும் வாய்ப்புடன் ஆனந்தனுக்குப் பின் வல்வைக் கடலில் ஒரு நீச்சல் வரிசை ஏன் தோன்றவில்லை என்பதே என் வருத்தம்.

விடை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனந்தன் மறைந்த காலத்தில் கடல் மூடப்படத் தொடங்கியது. கடல்வலயத் தடைகள் வந்தன. மீன்பிடிக்கவே அனுமதியில்லாத நீரில் எவன் நீச்சல் பழகுவான்? 1985 மேயில் ஊருக்குள் படுகொலை நடந்தது. 1989 ஓகஸ்ட் தொடக்கத்தில் இந்திய அமைதிப்படையின் கையில் அறுபதுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டனர். பந்து உதைக்கும் வயதிலிருந்தவர்களில் ஒரு பகுதியினர் போராடப் போனார்கள். ஒரு பகுதியினர் கொல்லப்பட்டார்கள். எஞ்சியவர்களில் பெரும்பகுதியினர் லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் பாரிசுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். உதைபந்தாட்டக் கணக்கில் மட்டும் பார்த்தால், மூன்று தலைமுறை வீரர்கள் ஒரே அணியிலிருந்து ஒரே நேரத்தில் நீக்கப்பட்டதற்கு ஒப்பானது அது. உயிர்க்கணக்கின் முன் இது சிறிய கணக்கு. ஆயினும் அதையும் யாராவது எழுதி வைக்கத்தானே வேண்டும்.

போனவர்கள் பந்தையும் கொண்டு போனார்கள். பிரித்தானியாவில் 'வல்வை புளூஸ்' என்ற பெயரில் கழகம் எழுந்தது. ஊர்ப் பெயர் தாங்கிய இத்தகைய கழகங்கள் தமிழர் வாழும் நகரங்களில் கோடை விடுமுறைப் போட்டிகளை நடத்தின. தந்தையர் பழைய கணக்குகளைத் தீர்க்க ஆடினர். பிள்ளைகள் அந்தந்த நாட்டுக் கழகங்களின் முறையான பயிற்சியைப் பெற்று வளர்ந்தனர்.

இப்போது தேசிய அணிக்கு வருவோம். 1995இல் கொழும்பில் நடந்த தெற்காசியத் தங்கக் கிண்ண இறுதியாட்டத்தில் இந்தியாவை 1–0 என வென்றதே இலங்கை அணியின் பெரும் வெற்றி. 2006இல் ஆசிய சவால் கிண்ணத்தின் இறுதிவரை சென்று தஜிகிஸ்தானிடம் 0–4 எனத் தோற்றது. அதன்பின் சரிவு. 2019இல் உலகக் கிண்ணத் தகுதிகாணில் மக்காவ் அணியிடம் முதலாட்டத்தில் 0–1 எனத் தோற்றது. உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பின் மக்காவ் அணி கொழும்புக்கு வர மறுத்ததால்தான் இலங்கைக்கு அடுத்த சுற்று கிடைத்தது. 2023 ஜனவரியில் நிர்வாகத்தில் அரசியல் தலையீட்டைக் காரணம் காட்டி பீபா இலங்கையை இடைநிறுத்தியது. ஓகஸ்டில்தான் தடை நீங்கியது. ஓர் அணி இதற்கும் கீழே இறங்க இடமில்லை.

எழுச்சியின் அடையாளங்கள் அதற்கு முன்பே சில தெரிந்திருந்தன. பேர்லினில் இலங்கைப் பெற்றோருக்குப் பிறந்த வசீம் றசீக், 2021 ஜூனில் லெபனானுக்கு எதிராக இரண்டு கோல்கள் போட்டார். ஆட்டம் 2–3 எனத் தோல்வியில் முடிந்தாலும், பலமான ஓர் அணியை இலங்கை அச்சுறுத்திய காட்சி பல ஆண்டுகளாகக் காணாதது. அதே ஆண்டு நவம்பரில் கொழும்பில் மாலைதீவுடன் 4–4 எனச் சமநிலையில் முடிந்த ஆட்டத்தில் நான்கு கோல்களும் அவருடையவை. இறுதியாட்டத்தில் சீஷெல்ஸ் அணியிடம் தண்டனை உதைகளில் கிண்ணம் கை நழுவியது.

வெளிநாட்டில் பிறந்த இலங்கை வம்சாவளியினரைத் தேடிச் சேர்க்கும் முயற்சி அதன்பின் வேகம் பிடித்தது. லண்டனில் பிறந்து குயின்ஸ் பார்க் றேஞ்சர்ஸ் கழகத்தில் பயின்ற டிலன் டி சில்வா, ஜேர்மனியில் பிறந்து டைனமோ டிறெஸ்டன் அணிக்கு ஆடிய பின்கள வீரர் குளோடியோ கம்மர்க்னெக்ற், ஒலிவர் கெலார்ட் என்று பட்டியல் நீண்டது. ஆதவன் ராஜமோகன், பரத் சுரேஷ் போன்ற தமிழ்ப் பெயர்களும் அதில் இருந்தன. 2024 செப்டெம்பரில் ஆசியக் கிண்ணத் தகுதிகாணில் கம்போடியாவுடன் கொழும்பில் 0–0. புனோம் பென்னில் 2–2. தண்டனை உதைகளில் 4–2 என வெற்றி. 2025 மார்ச்சில் பாங்கொக்கில் தாய்லாந்திடம் 0–1 என்ற மானமான தோல்வி. அதே ஆண்டு ஜூன் 10ஆம் திகதி கொழும்பில் சீன தாய்ப்பே அணியை 3–1 என வென்றபோது, அரங்கத்தில் எழுந்த ஆரவாரத்தில் நெடுநாள் பசி தெரிந்தது.

ரசிகன் என்ற முறையில் இந்த அணியைப் பற்றி என் கணிப்பு இதுதான். கோல் காப்பிலும் பின்களத்திலும் அணி திடம் பெற்றுவிட்டது. இக்காலத்தின் அணித்தலைவர் சுஜான் பெரேரா மாலைதீவுக் கழகங்களில் தொழில்முறையாக ஆடித் தேறியவர். அவருடைய நிதானம் பல ஆட்டங்களில் அணியைத் தாங்கியிருக்கிறது. கம்மர்க்னெக்ற் போன்றவர்கள் வந்தபின், கடைசிப் பத்து நிமிடங்களில் குலைந்துபோகும் பழைய நோய் குறைந்திருக்கிறது. குறை முன்களத்தில். வாய்ப்பை உருவாக்கவும் அதைக் கோலாக முடிக்கவும் கூடிய ஒருவர், ஆண்டுக்கு முப்பது ஆட்டங்களாவது போட்டித் தன்மையுடன் ஆடிப் பழகியிருக்க வேண்டும். அந்த முப்பது ஆட்டங்கள் இலங்கைக்குள் கிடைப்பதில்லை.

சிக்கலின் வேர் இங்கேதான். 2021இல் தொழில்முறை லீக் என்ற அறிவிப்புடன் 'சுப்பர் லீக்' தொடங்கியது. ஒரு பருவத்துடன் நின்றுபோனது. அதில் ஆடிய 10 கழகங்களில் வடக்கு, கிழக்கைச் சேர்ந்தது ஒன்றுகூட இல்லை. குருநகர் பாடும்மீன், நாவாந்துறை சென் மேரிஸ், பாசையூர் சென் அன்ரனீஸ், இளவாலை யங் ஹென்றீஸ் என்று உதைபந்தாட்டத்தையே மூச்சாகக் கொண்ட கழகங்களுள்ள மாகாணம் இது. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் பெண்கள் அணி தேசிய அளவில் சாதித்திருக்கிறது. 2016 ஜூனில் யாழ்ப்பாணம் துரையப்பா விளையாட்டரங்கு இந்திய உதவியுடன் புனரமைக்கப்பட்டுத் திறக்கப்பட்டது. அரங்கம் வந்தது, அதில் ஆண்டு முழுவதும் ஆடும் தேசிய லீக் வரவில்லை. 2018இல் 'வடக்கு கிழக்கு பிரீமியர் லீக்' தொடங்கியபோது 'வல்வை எஃப்சி' என்ற அணியும் களமிறங்கியது. புலம்பெயர்ந்தோர் பணமும் ஊரார் உற்சாகமும் சேர்ந்த அம்முயற்சி நிலைத்த அமைப்பாக வேரூன்றவில்லை.

அன்னபூரணியை மறுபடி நினைப்பதற்கு இதுவே காரணம். அந்தக் கப்பலைப் பற்றிப் பேசும்போது நாம் பெருமிதத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். அடுத்த கப்பல் எங்கே என்று கேட்பதில்லை. மேத்திரிமாரின் கைத்திறன் ஒரே நாளில் மறைந்துவிடவில்லை. பாய்க்கப்பல் வாணிபம் நலிந்து, புதிய கப்பலுக்கு ஆள் இல்லாமல் போனது. உளியைப் பிடிக்கக் கற்றுக்கொள்ள மகனுக்கு ஒரு மரமும் கிடைக்கவில்லை. வேலை நின்றதும் கற்பித்தலும் நின்றது. ஆட்டக்காரனும் அப்படியே உருவாகிறான். அடுத்த சனிக்கிழமை ஆட்டம் இல்லையென்றால், அடுத்த ஆட்டக்காரனும் இல்லை.

வெளிநாட்டில் பிறந்தவர்களைச் சேர்ப்பதை நான் எதிர்க்கவில்லை. தோல்வியில் துவண்ட அணிக்கு மூச்சுவிட அவகாசம் தந்தவர்கள் அவர்கள். பெற்றோரோ பாட்டன் பாட்டியோ பிறந்த நாட்டுக்கு ஆட பீபாவின் விதிகள் இடமளிக்கின்றன. அதைப் பயன்படுத்தாத நாடு இல்லை. ஆனால் அவர்களை உருவாக்கியது பேர்லினும் லண்டனும். அங்கு வளரும் பிள்ளை எப்போதும் நம் கைக்கு வருவான் என்று எண்ணுவது பேதைமை. வேல்ஸில் இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த விமல் யோகநாதன் 2024 ஓகஸ்டில் பாண்ஸ்லி அணிக்காகக் களமிறங்கினார்; இங்கிலாந்தின் தொழில்முறை உதைபந்தாட்டத்தில் ஆடிய முதல் தமிழர் என்று கொண்டாடப்பட்டார். அவர் அணிந்தது வேல்ஸ் இளையோர் அணியின் சீருடை. தன்னை வளர்த்த நாட்டுக்கு அவர் ஆடுவதில் குறை காண யாருக்கு உரிமை உண்டு?

இனி அந்த இரண்டாவது கேள்வி. அந்த அணியில் நமக்கென்ன இருக்கிறது? சிங்கம் பொறித்த சீருடையைக் கண்டு மனம் கசக்கும் தமிழரை எனக்குத் தெரியும். அவர்களின் கசப்புக்கு உறவினரின் பெயர்களும் திகதிகளும் இருக்கின்றன. அவர்களை ஆட்டம் பார்க்க வருமாறு நான் அழைக்கப் போவதில்லை. நான் சொல்வது வேறு. வடமராட்சியில் இன்று பதினான்கு வயதில் பந்து உதைக்கும் பையனுக்குத் தேசிய அணி என்று இருப்பது இது ஒன்றுதான். அவன் அதில் ஆட விரும்பினால் கதவு திறந்திருக்க வேண்டும். விரும்பாவிட்டால் அது அவனுடைய முடிவாக இருக்க வேண்டும். லீக் இல்லாததாலும் தேர்வாளர் வடக்கே வராததாலும் அவனுக்காக வேறொருவர் அந்த முடிவை எடுத்துவிடக் கூடாது. போர் எடுத்துக்கொண்ட தலைமுறைகளைத் திருப்பித் தர எந்தச் சம்மேளனத்தாலும் இயலாது. இருக்கும் தலைமுறைக்கு ஆட்டங்களைத் தர இயலும்.

எனவே அணியின் எதிர்காலத்தை மதிப்பிட நான் தரவரிசையைப் பார்ப்பதில்லை. மூன்று செய்திகளுக்காகக் காத்திருக்கிறேன். முதலாவது, இடையில் நிற்காமல் தொடர்ந்து ஐந்து பருவங்கள் நடக்கும் ஒரு தேசிய லீக். இரண்டாவது, அதில் யாழ்ப்பாணத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் கழகங்கள். மூன்றாவது, பதினைந்து வயதுக்குட்பட்டோர் தேர்வுக்காகக் கொழும்பிலிருந்து வரும் ஒரு பயிற்றுநர் துரையப்பா அரங்கோடு திரும்பிவிடாமல் வடமராட்சி மைதானங்களிலும் ஒரு வாரம் தங்கினார் என்ற செய்தி. மூன்றாவது செய்திக்கு எந்த நாளிதழும் முதற்பக்கம் ஒதுக்காது. உள்பக்கத்து மூலையில் நான்கு வரிகளில் வந்தாலும் எனக்குப் போதும். அன்றைக்கு மறுகட்டமைப்புத் தொடங்கிவிட்டது என்று எழுதுவேன்.